திருகோணமலையில் பிரான்சைஸ் முன்பள்ளி: ஆரம்பச் செலவை வரிசைப்படி கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

பிரான்சைஸ் முறையில், அதாவது ஒரு நிறுவனத்தின் பெயரையும் பாடமுறையையும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் உரிமையுடன், முன்பள்ளி தொடங்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, மொத்தம் எத்தனை இலட்சம் வேண்டும் என்பதையே. பிரான்சைஸ் தரும் நிறுவனத்தின் கையேட்டில் அதற்கு ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கும். அது பொதுவாக முன்பள்ளி திறக்கும் நாள்வரையான செலவை மட்டுமே காட்டும். திறந்த பின்னர் வகுப்புகள் நிரம்பும்வரை மாதாமாதம் கையிலிருந்து போட வேண்டிய பணம் அதில் பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருப்பதில்லை.

திருகோணமலையில் இம்முயற்சியில் இறங்கிய பலருடன் அமர்ந்து கணக்குகளைப் பார்த்தபோது எனக்குத் தெளிவானது இதுதான்: பணம் போதாமற் போனவர்களிற் பலர் அதிகமாகச் செலவழித்தவர்கள் அல்லர், செலவழித்த வரிசையிலே தவறியவர்கள். பிரான்சைஸ் கட்டணத்தை முதலிலும், கட்டட முற்பணத்தை அடுத்தும், வர்ணப்பூச்சை அதற்கடுத்தும் செலுத்திவிட்டு, பதிவு நிபந்தனைகளை அதன் பின்னரே விசாரித்தார்கள். இரண்டாம் தவணைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் மிஞ்சவில்லை. ஆகையால் இங்கே தரப்படும் வரிசை அதற்கு எதிர்த்திசையிற் செல்கிறது. செலவில்லாமல் அறியக்கூடியவை முதலிலும், திரும்பப் பெற முடியாத கொடுப்பனவுகள் கடைசியிலும் வருகின்றன.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை சில. சேமிப்பு, நகை, குடும்பத்தார் தரவிருக்கும் பணம், வங்கிக் கடன் என்பவற்றைத் தனித்தனியாக எழுதிய ஒரு தாள். பிரான்சைஸ் நிறுவனத்தின் ஒப்பந்த மாதிரி, அதாவது கையேடு அல்லாமல் கையெழுத்திட வேண்டிய முழு ஆவணம். மாதக் கணக்கு எழுதுவதற்கு ஒரு கொப்பி அல்லது எக்செல் தாள். ஒப்பந்த மாதிரியை முற்பணம் கட்டிய பின்னரே தருவோம் என்று சொல்லும் நிறுவனத்துடன் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

1. முதலில் பிள்ளைகளை எண்ணுங்கள்

முன்பள்ளிக்கு வருவோர் பெரும்பாலும் மூன்று வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள். ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியானவர்கள் அந்த ஆண்டில் முதலாம் தரத்துக்குச் சென்றுவிடுவார்கள். ஆகவே ஒரு பகுதியில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு பிறப்பாண்டுகளைச் சேர்ந்தவர்கள் மட்டுமே. நகரம் முழுவதும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற பொதுவான நம்பிக்கை இந்தக் கணக்குக்கு உதவாது.

கிராம அலுவலரிடமும் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் பேசினால் அந்தப் பிரிவில் அவ்வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய எத்தனை பேர் என்பது தெரியவரும். அதன்பின் அப்பகுதியில் ஏற்கெனவே இயங்கும் முன்பள்ளிகளுக்கு நேரிற் சென்று, வகுப்பு விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், நடந்தா, மோட்டார் சைக்கிளிலா, வானிலா, எவ்வளவு தூரத்திலிருந்து என்பவை எந்த விளம்பரத் தாளிலும் கிடைக்காத தகவல்கள்.

கோவில், தேவாலயம், பள்ளிவாசல், கிராம அபிவிருத்திச் சங்கம் முதலியவற்றின் ஆதரவில் நடக்கும் பாலர் பாடசாலைகள் இங்கே பல. அவற்றின் கட்டணம் குறைவு. ஆசிரியர்கள் ஊருக்கு நன்கு பழக்கமானவர்கள். பிரான்சைஸ் முன்பள்ளி அவற்றைவிடக் கூடுதலான கட்டணம் வாங்கியே தீர வேண்டும். ஆகவே கூடுதற் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்கள் எத்தனை என்பதைத்தான் நீங்கள் எண்ணுகிறீர்கள். தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள், வெளிநாட்டு வருமானமுள்ள குடும்பங்கள், கடற்படை, துறைமுகம், மாகாணத் திணைக்களங்கள், வங்கிகள் ஆகியவற்றில் வேலை செய்வோர் என்று பிரித்து எழுதுங்கள். உப்புவெளியில் கிடைக்கும் விடை பாலையூற்றில் கிடைக்காது. கிண்ணியாவில் அது மீண்டும் மாறும்.

எந்த மொழியில் கற்பிக்கப்போகிறீர்கள் என்பதும் இந்த இடத்திலேயே தீர்க்கப்பட வேண்டியது. தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் மூவகையினரும் வாழும் நகரம் இது. ஆங்கிலம் மட்டுமே என்று நிறுவனம் வற்புறுத்தினால் எத்தனை குடும்பங்கள் விலகும், தமிழுடன் ஆங்கிலமும் என்றால் எத்தனை சேரும் என்பதைப் பெற்றோரிடம் கேட்டறியாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

2. ஆரம்பச் செலவுக்கு முன் மாதச் செலவைக் கணக்கிடுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறார்கள். மாதச் செலவு தெரியாவிட்டால் எத்தனை பிள்ளைகளுடன் முன்பள்ளி தன் காலில் நிற்கும் என்பது தெரியாது. அது தெரியாவிட்டால் எத்தனை வகுப்பறை கொண்ட கட்டடம் வேண்டும் என்பதும் தெரியாது.

சம்பளத்திலிருந்து தொடங்குங்கள். தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இதற்கு மேலாக, தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் தம் பணத்திலிருந்து செலுத்த வேண்டும். ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் 8 வீதம் வேறு. ஆகவே 30,000 ரூபாய்ச் சம்பளம் உங்களுக்கு 34,500 ரூபாய்ச் செலவாகும். முன்பள்ளி சிறியது என்பதால் இவை பொருந்தாது என்று நினைப்பது பரவலான பிழை. ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் இப்பொறுப்பு உண்டு. தாமதித்தால் மேலதிகக் கட்டணமும் சேரும்.

கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக ஓர் உதாரணத்தைத் தருகிறேன். இதிலுள்ள வாடகையும் கட்டணமும் முறையை விளக்க எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்களை இட்டு மீண்டும் போட வேண்டும். மூன்று ஆசிரியர்களுக்குத் தலா 40,000, இரண்டு உதவியாளர்களுக்குத் தலா 30,000 என்றால் சம்பளம் 180,000. நிதிகளுக்கான 15 வீதத்துடன் அது 207,000 ஆகிறது. வாடகை 60,000, மின்சாரம், நீர், தொலைபேசி, இணையம் 15,000, துப்புரவு, சிறு திருத்தங்கள், எழுதுபொருட்கள் 18,000. மொத்தம் மாதம் 300,000 ரூபாய். ஒரு பிள்ளை வந்தாலும் ஐம்பது வந்தாலும் இத்தொகை மாறாது.

இனி ஒரு பிள்ளையிடமிருந்து உண்மையில் மிஞ்சுவது என்ன என்று பாருங்கள். மாதக் கட்டணம் 8,000 ரூபாய், ரோயல்டி, அதாவது பிரான்சைஸ் நிறுவனத்துக்கு மாதாமாதம் செலுத்தும் பங்கு, 10 வீதமாகிய 800, பயிற்சித் தாள், வர்ணம், சிற்றுணவு முதலியவற்றுக்கு 1,200 என்றால் மிஞ்சுவது 6,000. மாதச் செலவான 300,000ஐ இதனால் வகுத்தால் 50 வருகிறது. ஐம்பதாவது பிள்ளை சேரும்வரை முன்பள்ளி நட்டத்தில் நடக்கும்.

இதோடு நிறுத்தினால் கணக்கு முழுமையாகாது. மேலே உரிமையாளருக்குச் சம்பளம் இல்லை. நீங்களே அதிபராக நாள் முழுதும் வேலை செய்து, மாதம் 50,000 ரூபாய் எடுத்துக்கொள்ள விரும்பினால் 59 பிள்ளைகள் வேண்டும். டிசம்பர் விடுமுறைக்குப் பெற்றோர் கட்டணம் செலுத்தத் தயங்குவார்கள். பதினொரு மாதக் கட்டணத்தால் பன்னிரண்டு மாதச் செலவை ஈடுசெய்வதானால் எண்ணிக்கை 64 ஆகும். முஸ்லிம் பிள்ளைகள் கூடுதலாகச் சேரும் பகுதியில் ரமழான் விடுமுறையையும் இவ்வாறே கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்பொழுது கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று வகுப்பறை, ஒவ்வொன்றிலும் 18 பிள்ளைகள் என்றால் முழுவதும் நிரம்பினாலும் 54 பேர்தான். பன்னிரண்டு மாதமும் கட்டணம் வந்து, உரிமையாளர் சம்பளமும் எடுக்காத நிலையில் மட்டுமே அக்கட்டடம் தாங்கும். இத்தகைய முன்பள்ளியில் எவ்வளவு உழைத்தாலும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் இலாபம் வராது. கட்டணம் உயர வேண்டும், வாடகை குறைய வேண்டும், அல்லது நான்காவது அறை வேண்டும். வகுப்பில் பிள்ளைகளை நெருக்கி இருத்துவதை மட்டும் ஒரு வழியாகக் கொள்ளாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைகளை ஓர் ஆசிரியரால் கவனிக்கக்கூடிய எல்லை மிகச் சிறியது. விபத்து நடப்பதும் அந்த எல்லை மீறப்படும் வகுப்பறையிலேதான்.

3. கட்டடத்தைத் தேடுங்கள், கையெழுத்தைப் பின்னுக்கு வையுங்கள்

வீடொன்றை வாடகைக்கு எடுத்து முன்பள்ளியாக மாற்றுவதே இங்கே வழக்கம். வீட்டைப் பார்க்கப் போகும்போது முதலில் உரிமையாளரின் காணி ஆவணத்தைக் கேளுங்கள். உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்பது பெரிய வேறுபாடு. அனுமதிப்பத்திரக் காணியை உரிமையாளர் தம் விருப்பப்படி வணிகத் தேவைக்குக் குத்தகைக்கு விட முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதி தேவைப்படும். அவ்வனுமதியின்றி இலட்சக்கணக்கில் திருத்த வேலை செய்வது மற்றவர் காணியில் உங்கள் பணத்தைப் புதைப்பதாகும்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலே இலங்கைச் சட்டத்தில் வலுவுடையது. முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கட்டணமும் காணிப் பதிவகப் பதிவும் சேர்ந்த செலவை ஆரம்பச் செலவில் ஒரு வரியாக எழுதுங்கள். தெரிந்தவர் என்பதற்காக வெறும் தாளில் எழுதிக்கொண்டவர்கள், முன்பள்ளி நன்றாக நடக்கத் தொடங்கியதும் வாடகை உயர்த்தப்பட்டபோது எதுவும் செய்ய இயலாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

குத்தகைக் காலமும் பிரான்சைஸ் காலமும் ஒத்திருக்க வேண்டும். பிரான்சைஸ் ஐந்தாண்டு, குத்தகை இரண்டாண்டு என்றால் மூன்றாம் ஆண்டில் நீங்கள் இருபுறமும் நெருக்கப்படுவீர்கள். முன்பள்ளிப் பதிவு கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பத் தரப்படும் என்ற நிபந்தனையையும், திருத்த வேலைக்கான முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு வாடகை இல்லை அல்லது பாதி என்ற நிபந்தனையையும் கேளுங்கள். நீண்ட காலக் குத்தகையாளரைத் தேடும் உரிமையாளர்கள் பலர் இதற்கு உடன்படுவார்கள். கேட்காதவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

நவம்பர் முதல் பெய்யும் வடகீழ்ப் பருவமழையின்போது அந்த ஒழுங்கையும் முற்றமும் எப்படியிருக்கும் என்பதை அயலவரிடம் கேளுங்கள். வெயிற் காலத்தில் அழகாகத் தெரியும் தாழ்வான வளவு, புதிய பிள்ளைகள் சேரும் ஜனவரி மாதத்திலே நீர் தேங்கி நிற்கக்கூடும். மாடி வீட்டின் மேற்தளத்தை விட்டுவிடுங்கள். காலை வேளையில் முச்சக்கர வண்டிகளும் வான்களும் திரும்புவதற்கு இடமுண்டா என்றும் பாருங்கள். திருஞானசம்பந்தர் வீதி போன்ற நெரிசலான இடங்களில் பெற்றோரின் முதல் முறைப்பாடு அதுவாகவே இருக்கும்.

4. பதிவு நிபந்தனைகளை மேசன் வருவதற்கு முன் அறியுங்கள்

முன்பள்ளிகள் மாகாண சபைக்குரிய விடயம். கிழக்கு மாகாணத்தில் அதற்கெனப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம் உள்ளது. கட்டடம், மலசலகூடம், விளையாட்டிடம், ஆசிரியர் தகைமை ஆகியன பற்றிய நடைமுறையிலுள்ள நிபந்தனைகளை அங்கே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கொழும்பிலிருந்து வரும் நிறுவனப் பிரதிநிதி மேல் மாகாண நடைமுறையைச் சொல்வார். அது இங்கே அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

தனியுரிமையாகவோ பங்காண்மையாகவோ நடத்தினால் வணிகப் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாகப் பதிய வேண்டும். கம்பனியாக நடத்தினால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையவழிச் சேவையில் பதியலாம். சிறிய அளவில் தொடங்குவோருக்கு வணிகப் பெயர் செலவு குறைந்தது. இருவர் மூவர் முதலிடுவதாயின் கம்பனியே நல்லது, ஏனெனில் ஒருவர் விலக விரும்பும்போது பங்கு என்ற தெளிவான அளவு இருக்கும்.

வதிவிடத்தைப் பாடசாலையாகப் பயன்படுத்துவது பற்றி உள்ளூராட்சி மன்றத்தில் கேளுங்கள். வீடு நகர எல்லைக்குள் இருக்கிறதா, பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் இருக்கிறதா என்பதைப் பொறுத்து நீங்கள் செல்ல வேண்டிய அலுவலகம் மாறும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் திருத்த வேலை தொடங்குமுன்பே ஒருமுறை வந்து பார்க்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள இடைவெளி, மலசலகூடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அவர் அப்போதே சொல்லிவிட்டால், பதித்த டைல்ஸை மீண்டும் உடைக்க வேண்டி வராது.

5. ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியுடன் வரி வரியாக வாசியுங்கள்

இலங்கையில் பிரான்சைஸ் உறவை ஒழுங்குபடுத்தத் தனியான சட்டம் எதுவும் இல்லை. நிறுவனம் தன் நிதிநிலையையும் மூடப்பட்ட கிளைகளின் விபரத்தையும் உங்களுக்கு வெளிப்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பிரான்சைஸ் விதி இல்லாமையால், ஒப்பந்தத்தில் எழுதப்பட்டவையே உங்களுக்குப் பாதுகாப்பு. பிரதிநிதி வாயால் சொன்னவை அனைத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

பெயரும் சின்னமும் உண்மையில் அவர்களுடையனவா என்பதைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் சரிபாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி வர்த்தகக் குறிப் பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும், பின்னர் புதுப்பிக்கலாம். வெளிநாட்டில் பதிவுள்ள குறி இலங்கையில் பதியப்படாமல் இருந்தால், நீங்கள் கட்டணம் செலுத்தி வாங்கும் பெயரை அடுத்த வீதியில் இன்னொருவர் வைப்பதைத் தடுப்பது கடினமாகும்.

ரோயல்டி எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பது அடுத்தது. அறவிட்ட கட்டணத்தின் மீதா, அறவிட வேண்டிய கட்டணத்தின் மீதா? கட்டணம் செலுத்தாத பிள்ளைக்கும் நீங்கள் ரோயல்டி கட்ட நேர்ந்தால் நட்டம் இருமடங்காகும். அனுமதிக் கட்டணம், வான் கட்டணம், பிற்பகல் பராமரிப்புக் கட்டணம் ஆகியவையும் அதில் அடங்குமா? பிள்ளைகள் எத்தனை பேராயினும் மாதம் இவ்வளவு என்று குறைந்தபட்ச ரோயல்டி உண்டா? உண்டெனில் முதல் ஆண்டுக்கு விலக்குக் கேளுங்கள், ஏனெனில் பிள்ளைகள் மிகக் குறைவாக இருப்பது அந்த ஆண்டிலேதான்.

ரோயல்டியே இல்லை என்று விளம்பரப்படுத்துவோரும் உள்ளனர். அவர்களுடைய வருமானம் பெரும்பாலும் புத்தகப் பொதி, சீருடை, பை ஆகியவற்றின் விலையில் இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்டு, பன்னிரண்டால் வகுத்து, இரண்டாம் படியிலுள்ள கணக்கில் ரோயல்டி நின்ற இடத்தில் இடுங்கள். எது மலிவு என்பது அப்போது தெரியும். பொதிகள் தமிழில் உள்ளனவா என்பதையும் அச்சிட்ட பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். தமிழாக்கம் பிறகு வரும் என்ற வாக்குறுதியின் பேரில் தொடங்கினால், ஆசிரியர்கள் இரவிரவாகத் தாமே எழுதிப் பிரதியெடுக்கும் நிலை வரும். அந்த நகலெடுக்கும் செலவும் உங்களுடையது.

நிறுவனம் வேறு கிளை திறக்காமல் உங்களுக்கென ஒதுக்கும் எல்லைப் பகுதி தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். திருகோணமலை என்று மட்டும் எழுதியிருந்தால் அது நகரமா, மாவட்டமா? மூதூரிலும் கந்தளாயிலும் திறக்கப்படும் கிளையால் உங்களுக்குப் பாதிப்பில்லை. உப்புவெளியில் நீங்கள் இருக்கும்போது சாம்பல்தீவில் இன்னொன்று திறந்தால் பாதிப்பு நிச்சயம். கிராம அலுவலர் பிரிவுகளின் பெயர்களை அல்லது கிலோமீற்றர் அளவை எழுதச் செய்யுங்கள்.

வரியை மறக்க வேண்டாம். நிறுவனம் வற் எனப்படும் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு பெற்றதாயின் கட்டணத்தின் மேல் 18 வீதம் சேரும். கையேட்டில் பத்து இலட்சம் என்றிருப்பது பதினொரு இலட்சத்து எண்பதாயிரமாகும். உங்கள் முன்பள்ளி வற் பதிவு பெறாத நிலையில் அதைத் திரும்பக் கோர முடியாது. வெளிநாட்டு நிறுவனமாயின் அந்நியச் செலாவணி விதிகளையும், கொடுப்பனவிலிருந்து பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டிய நிறுத்திவைத்தல் வரியையும் கணக்காளருடன் பேசிய பின்னரே தொகையை ஒப்புக்கொள்ளுங்கள். டொலரில் ரோயல்டி என்பதை ஏற்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குச் சென்றது. பெற்றோரின் கட்டணத்தை அந்த வேகத்தில் எவராலும் உயர்த்த முடியாது.

இறுதியாக, விலகும் வழி. இடையில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு, சின்னமுள்ள பொருட்களை என்ன செய்வது, அதே கட்டடத்தில் வேறு பெயரில் முன்பள்ளி நடத்த எத்தனை காலத்துக்குத் தடை என்பவற்றைப் பாருங்கள். கையெழுத்திடுமுன் அந்நிறுவனத்தின் கிளையொன்றைக் கொழும்பில் அல்லாமல், மட்டக்களப்பு, வவுனியா போன்ற ஒத்த அளவுடைய நகரத்தில் சென்று பாருங்கள். அதன் உரிமையாளரிடம், முதலாண்டில் எத்தனை பிள்ளைகள், இரண்டாமாண்டில் எத்தனை என்று மட்டும் கேட்டாலே போதுமானது.

6. திருத்த வேலையும் தளபாடமும்

மலசலகூடம், குடிநீர், சுற்றுமதிலும் படலையும், வழுக்காத தரை, மின்விசிறி, தீயணைப்புக் கருவி என்பதே செலவின் வரிசை. சுவர் ஓவியமும் சின்னமும் அதன் பின்னர். நிறுவனத்தினர் வர்ணத்தை முதலில் வற்புறுத்துவார்கள், ஏனெனில் அது அவர்களுடைய விளம்பரம். பரிசோதகர் பார்ப்பது மலசலகூடத்தை.

கடற்காற்றின் உப்பு இந்நகரில் இரும்பை வேகமாகத் தின்னும். கொழும்பின் உட்பகுதியில் பல ஆண்டுகள் நிற்கும் ஊஞ்சலும் சறுக்கியும் இங்கே அவ்வளவு காலம் நிற்பதில்லை. நாகம் பூசிய குழாய்களாலோ தடித்த பிளாஸ்டிக்காலோ ஆனவற்றைக் கேளுங்கள். துருவேறிய ஆணி முனை பிள்ளையின் கையைக் கிழிக்கும் என்பதால் இது அழகு பற்றிய விடயமன்று.

மேசை, கதிரைகளை நிறுவனம் குறிப்பிடும் விற்பனையாளரிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அதே அளவிலும் தரத்திலும் உள்ளூர்த் தச்சரிடம் செய்விக்க அனுமதி கேளுங்கள். லொறிக் கூலி மீதமாகும். உடைந்தால் திருத்துபவரும் அருகில் இருப்பார். கையேட்டில் உள்ள விலை கொழும்பில் ஒப்படைக்கும் விலையாக இருப்பதால், ஏற்றியிறக்கும் கூலியைத் தனி வரியாக எழுதுங்கள்.

மின்மானியை வீட்டுப் பாவனையிலிருந்து பொதுத் தேவைப் பிரிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அலகு விலை மாறுவதால் இதை மாதச் செலவிலும் திருத்திக்கொள்ளுங்கள். திருத்த வேலைக்கென ஒதுக்கிய தொகையில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருப்பதை நான் எப்போதும் வலியுறுத்துவேன். பழைய வீட்டின் கூரையைக் கழற்றிப் பார்க்கும்வரை மரத்தின் நிலை தெரியாது.

7. ஆசிரியர்களுக்கான செலவு திறப்பதற்கு முன்பே தொடங்குகிறது

தகைமையுள்ளவர்களைத் தேடுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ், தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டம் போன்றவற்றைப் பெற்றோர் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். எல்லோரிடமும் பொலிஸ் நற்சான்றிதழ் கேளுங்கள். உறவினர், தெரிந்தவர் என்று எவருக்கும் விலக்களிக்க வேண்டாம். சாரதிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் இது பொருந்தும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தைப் பெற்றோரும் ஊழியரும் காணக்கூடிய இடத்தில் ஒட்டிவையுங்கள்.

பயிற்சி கொழும்பில் நடக்குமாயின், பேருந்து அல்லது புகையிரதக் கட்டணம், தங்குமிடம், உணவு, அந்நாட்களுக்கான சம்பளம் ஆகிய நான்கும் உங்கள் செலவு. பெண் ஆசிரியர்கள் பாதுகாப்பாகத் தங்கக்கூடிய இடத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் அதில் மிச்சம்பிடிக்க வேண்டாம். மூவருக்குப் பதிலாக நால்வரைப் பயிற்றுவிப்பது நல்லது. அரச நியமனம் கிடைத்தோ திருமணமாகியோ ஒருவர் விலகும்போது, புதியவருக்கு மறுபயிற்சிக் கட்டணத்தை நிறுவனம் மீண்டும் கேட்கும்.

8. கையிருப்புத் தொகை

இரண்டாம் படியில் பார்த்த முன்பள்ளியையே தொடர்வோம். ஜனவரியில் 20 பிள்ளைகளுடன் தொடங்கி மாதம் மூவராகச் சேர்ந்தால் நவம்பரில் 50 ஆகும். ஜனவரியில் குறைவு 30 பிள்ளைகளுக்குரிய 180,000 ரூபாய்; அடுத்த மாதம் 27 பிள்ளைகளுக்குரிய 162,000. இவ்வாறு ஒக்டோபர்வரை கூட்டினால் 990,000 ரூபாய். டிசம்பரில் கட்டணம் வராவிட்டால் இன்னொரு 300,000. முதலாண்டுக்கு மட்டும் 12 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாய் கையில் இருக்க வேண்டும். உரிமையாளர் ஒரு சதமும் எடுக்காத நிலையிலான தொகை இது.

அடுத்த ஜனவரியில் மூத்த வகுப்பு முழுவதும் முதலாம் தரத்துக்குச் சென்றுவிடும் என்பதைப் புதியவர்கள் நினைப்பதேயில்லை. நவம்பரில் இருந்த ஐம்பதில் இருபது பேர் வெளியேறினால் நீங்கள் மீண்டும் முப்பதில் நிற்பீர்கள். ஆகவே முதலாண்டில் சேரும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் இளைய வகுப்பினராக இருப்பது நல்லது. சேர்க்கையின்போது மூன்று வயதினரின் பெற்றோரைத் தேடிச் செல்லுங்கள். நான்கரை வயதுப் பிள்ளை சேர்வதால் எண்ணிக்கை உடனே உயர்ந்தாலும் அடுத்த ஆண்டுக்கு அது உதவாது.

கையிருப்பை வங்கிக் கடனிலிருந்து அமைக்க நேர்ந்தால், தவணைக் கட்டணம் முதல் மாதமே தொடங்காதபடி சலுகைக் காலம் கேளுங்கள். நகையை அடகு வைப்பதாயின் அதைக் கட்டடத்துக்குச் செலவிடாமல் கையிருப்பின் கடைசிப் பகுதியாக வைத்திருங்கள். தேவைப்படும் மாதத்திலே அடகு வைத்தால் வட்டி அந்த மாதத்திலிருந்துதான் ஓடும்.

9. நாட்காட்டியும் கொடுப்பனவு வரிசையும்

வழமையான பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால், அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பிள்ளைகளை எண்ணுவதும் மாதக் கணக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில். கட்டடத் தேடலும் நிபந்தனைகளை விசாரிப்பதும் சித்திரைப் புத்தாண்டுக்குப் பின். ஒப்பந்தம் ஜூன், ஜூலையில். குத்தகையும் பிரான்சைஸ் ஒப்பந்தமும் ஒரே வாரத்தில் கையெழுத்தாக வேண்டும். ஒன்று முடிந்து மற்றது இழுபடும் ஒவ்வொரு மாதமும் பயனில்லாத வாடகையாகக் கழியும். பிரான்சைஸ் கட்டணத்தை மூன்று பகுதியாகக் கட்டக் கேளுங்கள்: கையெழுத்தின்போது ஒரு பகுதி, பயிற்சி முடிந்ததும் ஒரு பகுதி, பதிவு கிடைத்ததும் கடைசிப் பகுதி.

கூரை, மதில், வடிகால் வேலைகள் செப்ரெம்பர் முடிவுக்குள் முடிந்துவிட வேண்டும். மழை தொடங்கிய பின் வெளிச் சுவருக்கு வர்ணம் பூசினால் தையிலே மீண்டும் பூச நேரும். நவராத்திரி காலத்தில் கட்டடம் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தால், விஜயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளைகளின் பெற்றோர் அடுத்த ஆண்டுக்கான முன்பள்ளியைப் பற்றி யோசிக்கும் வேளையில் நீங்கள் அவர்கள் கண்ணில் படுவீர்கள். சேர்க்கையை ஒக்டோபரில் திறப்பது அதனாலேயே பொருத்தம்.

அப்போது வரும் அனுமதிக் கட்டணத்தையும் முதல் தவணைக் கட்டணத்தையும் தனி வங்கிக் கணக்கில் இடுங்கள். திருத்த வேலையின் மீதிக்கும் தளபாடத்துக்கும் அதிலிருந்து எடுக்கும் ஆவல் நவம்பரில் கட்டாயம் வரும். பதிவு தாமதமானால் அந்தப் பணத்தைப் பெற்றோருக்கு முழுமையாகத் திருப்பித்தர வேண்டியவர் நீங்கள். திருப்பித்தர முடியாத முன்பள்ளிக்கு இந்நகரில் மறுபடி ஒரு பிள்ளையும் வராது. பதிவுச் சான்றிதழ் கையில் வந்து, முதல் நாள் வகுப்பு நடந்த பின்னரே அக்கணக்கைத் திறந்து ஜனவரி மாதச் சம்பளத்துக்குப் பயன்படுத்துங்கள்.